பிங்க் ஃப்ளாய்ட் - என் வரிசை (தி வால் ரசிகர்கள் மன்னிக்க)

விடுதியில் எனக்கும் என் அறைத்தோழனுக்கும் ஒன்றரை வருடமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. யார் தண்ணீர் பிடித்து வைப்பது, யார் மின்விசிறிக்கு நேர் கீழே படுப்பது என்பதெல்லாம் எப்போதோ பேசி முடித்தாகிவிட்டது. தீராமல் நிற்பது, பிங்க் ஃப்ளாய்டின் சிறந்த ஆல்பம் எது என்பதுதான். அவன் 'தி வால்' கட்சி. சுவரில் படமே ஒட்டி வைத்திருக்கிறான். போன வாரம் ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு இந்தச் சண்டை முற்றிப் போய், பக்கத்து அறைக்காரர்கள் வந்து கதவைத் தட்டிவிட்டார்கள். வாயால் பேசினால் சத்தம் வரும், எழுதினால் வராது. அதனால் இது.

பிங்க் ஃப்ளாய்ட் யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போய்விடலாம். 1965-இல் லண்டனில் தொடங்கிய ராக் இசைக்குழு. சிட் பாரெட், ராஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் என்று நாலு பேர். பாரெட்டைத் தவிர மற்ற மூவரும் கட்டடக்கலை படிக்கப் போய் அங்கே சந்தித்தவர்கள். பாட்டு, கிடார், பெரும்பாலான பாடல்கள் எல்லாமே பாரெட்தான். போதைப் பழக்கமும் மனநலச் சிக்கலும் சேர்ந்து 1968-இல் அவர் வெளியே போக வேண்டியதாயிற்று. அதற்குச் சற்று முன்பே டேவிட் கில்மோர் உள்ளே வந்திருந்தார். அதன்பிறகு வாட்டர்ஸின் கை மெல்ல மெல்ல ஓங்கி, கடைசியில் வழக்கு, வக்கீல் என்று முடிந்தது.

பி.காம். படிக்கிறவனுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்டது போல இருக்கும். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் இதே வரிசையில்தான் பாடம் வரும். கூட்டாண்மை நிறுவனக் கணக்குகள், நற்பெயர், கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல் மற்றும் இறப்பு. அன்றைக்குத் தியாக விகிதத்தையும் ஆதாய விகிதத்தையும் மாற்றிப் போட்டு மார்க்கைக் கோட்டைவிட்டவன் நான். இந்த நாலு பேரின் கதையை முன்பே படித்திருந்தால் தப்பாமல் எழுதியிருப்பேனோ என்னவோ.

சரி, வரிசை போடுவது என்றால் அளவுகோல் வேண்டும். விற்பனையை வைத்துப் போடலாம், ஆனால் அதற்கு நான் எதற்கு, கால்குலேட்டர் போதும். பாடல் வரிகளின் ஆழத்தை வைத்துப் போட்டால் வாட்டர்ஸ்தான் ஜெயிப்பார், என் அறைத்தோழனும் கூடவே ஜெயித்துவிடுவான். என் அளவுகோல் வேறு. ஒவ்வொரு ஆல்பத்திலும் ரிக் ரைட் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்கிறேன். கீபோர்டு வாசிக்கிறவர். நேர்காணல்களில் அதிகம் பேசாதவர். சண்டை வந்தால் ஒதுங்கிப் போகிறவர். யாரிடமாவது பிங்க் ஃப்ளாய்ட் என்றால் கில்மோரின் கிடாரைச் சொல்வார்கள், வாட்டர்ஸின் வரிகளைச் சொல்வார்கள், ரைட்டைச் சொல்ல மாட்டார்கள். நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு அல்லவா, கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, கம்பெனியை விற்கும்போதுதான் அது இருந்ததே தெரியும்? அந்த மாதிரி ஆள்.

முதலில் சண்டைக்கு வருகிறேன். ஆறாவது இடம், 'தி வால்', 1979.

ஆறாவதா என்று கேட்காதீர்கள். நல்ல ஆல்பம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 'கம்ஃபர்ட்டப்லி நம்ப்' பாட்டின் இரண்டாவது கிடார் சோலோவைக் கேட்டு மயிர்க்கூச்செறியாதவன் மனுஷனே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோரஸாகப் பாடும் பாட்டை ராக் இசையே கேட்காத என் அத்தை பையன்கூட முணுமுணுக்கிறான். அமெரிக்காவில் 15 வாரம் முதலிடத்தில் இருந்த ஆல்பம். அந்தப் பள்ளிப் பாட்டைத் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு 1980-இல் தடை செய்தது. இதெல்லாம் சரி.

ஆனால் இது உருவான கதையைக் கேளுங்கள். எழுபதுகளில் சம்பாதித்த பணத்தை நார்ட்டன் வார்பர்க் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் அதை எங்கெங்கோ போட்டுப் பெரும் பகுதியைத் தொலைத்துவிட்டார்கள். பிரிட்டனில் அன்றைக்கு உச்ச வருமான வரி 83 சதவீதம். பணமும் போய், வரியும் கட்ட வேண்டிய நிலை. ஆகவே ஒரு வருடம் நாட்டை விட்டு வெளியேறி, பிரான்சில் உட்கார்ந்து ரெக்கார்டிங் செய்தார்கள். கடன் அடைக்க எடுத்த ஆல்பம் என்றால் கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஆனால் முழுப்பொய் இல்லை. அந்த அவசரத்தில் ரைட் தன் விடுமுறையைக் குறைத்துக்கொண்டு வர மறுத்தார். ஒழுங்காகப் பங்களிக்கவில்லை என்று ஏற்கெனவே குற்றச்சாட்டு இருந்தது. அவரைக் குழுவை விட்டே போகச் சொன்னார் வாட்டர்ஸ். மற்ற இருவரும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. ரைட்டின் பக்கமும் தப்பு இருந்திருக்கும், அவர் அப்போது சொந்த வாழ்க்கையில் நொந்துபோயிருந்தார். ஆனாலும் தொடக்க நாளிலிருந்து இருந்தவர்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராத வேடிக்கை. மேடையில் 40 அடி உயரத்துக்கு அட்டைச் செங்கல் சுவர் எழுப்பி, அதைக் கடைசியில் இடித்துத் தள்ளும் அந்தக் கச்சேரிகள் 1980-81-இல் நடந்தன. பிரம்மாண்டச் செலவு. ரைட் அதில் கூட்டாளியாக இல்லாமல் சம்பளக்காரராக வாசித்தார். கச்சேரிகள் நஷ்டத்தில் முடிந்தன. கூட்டாளிகள் மூவரும் நஷ்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். சம்பளம் வாங்கியவருக்கு நஷ்டத்தில் பங்கு கிடையாது. ஆக, அந்தச் சுற்றுப்பயணத்தில் காசு பார்த்த ஒரே ஆள், குழுவை விட்டு வெளியே தள்ளப்பட்ட ரைட் மட்டும்தான்! இதைப் படித்த அன்று நான் வகுப்பில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பேராசிரியர் எழுப்பிக் கேள்வி கேட்டார், அது வேறு கதை.

இசைக்கு வருவோம். 'தி வால்' ஆல்பத்தில் கீபோர்டு வருகிற பல இடங்களில் வேறு ஆட்கள் வாசித்திருக்கிறார்கள். வாசிப்பில் குறை இல்லை, ஆனால் காற்றோட்டம் இல்லை. 80 நிமிடம் ஒரே மனிதர் தன் அப்பா, அம்மா, வாத்தியார், மனைவி எல்லோர் மேலும் புகார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நடுவில் ஒரு இடத்திலாவது வார்த்தை நின்று, இசை மட்டும் பத்து நிமிடம் நடந்து போகாதா என்று இருக்கிறது. போகாது. அந்த நடையை நடத்துகிறவரைத்தான் அனுப்பிவிட்டார்களே.

ஐந்தாவது, 'தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்', 1967. முதல் ஆல்பம், பாரெட்டின் ஆல்பம். அபே ரோடு ஸ்டூடியோவில் இவர்கள் இதைச் செய்துகொண்டிருந்த அதே சமயத்தில், அதே கட்டடத்தில் பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' செய்துகொண்டிருந்தார்கள். குட்டிச்சாத்தான், சைக்கிள், விண்வெளி என்று ஒரு குழந்தை கிறுக்கிய நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். பாதி நாள் எனக்கு இது பிடிக்கும், மீதி நாள் பிடிக்காது. அதனால் நடுவில் வைத்துவிட்டேன். ஆனால் இந்த ஆல்பம் இல்லாமல் என் முதலிடம் இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

நாலாவது, 'அனிமல்ஸ்', 1977. இங்கே என் அளவுகோலே கொஞ்சம் உதைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ரைட்டுக்கு ஒரு பாட்டில்கூட எழுதியவர் பெயர் கிடைக்காத முதல் ஆல்பம் இதுதான். ஆனால் 'ஷீப்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். தூரத்தில் ஆடுகள் கத்த, மேலே ஒரு எலக்ட்ரிக் பியானோ தன்பாட்டுக்கு உலாத்திக்கொண்டிருக்கும். ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று வயிற்றில் கல்லைப் போடும் வாசிப்பு. அது ரைட்டுடையது. பெயர் மட்டும் இல்லை.

பெயர் என்றால் சும்மா இல்லை, காசு. ராயல்டியைப் பாட்டு எண்ணிக்கையை வைத்துப் பிரித்தார்கள். கில்மோர் சேர்ந்து எழுதிய 'டாக்ஸ்' 17 நிமிடம், அது ஒரு பாட்டு. வாட்டர்ஸ் தனியாக எழுதிய 'பிக்ஸ் ஆன் த விங்' ஒன்றரை நிமிடம், ஒன்றரை நிமிடமாக ஆல்பத்தின் இரண்டு முனையிலும் வைக்கப்பட்டதால் அது இரண்டு பாட்டு. கணக்கு புரிகிறதா? பணக்காரர்களைப் பன்றி என்றும் நாய் என்றும் திட்டும் ஆல்பத்துக்குள் இப்படி ஒரு கணக்கு. ஆனாலும் 'டாக்ஸ்' பாட்டுக்காகவே நாலாவது இடம். கார்ப்பரேட் வேலைக்குப் போக இண்டர்வியூ தயார் செய்கிற ஒவ்வொரு காமர்ஸ் மாணவனும் அதற்கு முந்தைய நாள் இதைக் கேட்க வேண்டும். (அட்டைப்படத்துக்காகப் பாட்டர்ஸி மின்நிலையத்துக்கு மேலே கட்டிய ராட்சதப் பன்றி பலூன் 1976 டிசம்பரில் அறுத்துக்கொண்டு பறந்து, ஹீத்ரோ விமானப் பாதைக்குள் புகுந்து, கடைசியில் கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் இறங்கிய கதை தெரியாதவர்கள் தேடிப் படிக்கவும்.)

மூன்றாவது, 'மெடில்', 1971. இதன் முதல் பக்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' நன்றாக உறுமும். 'சீமஸ்' என்று ஒரு பாட்டில் நிஜமாகவே ஒரு நாய் ஊளையிடும், அதை நான் எப்போதும் தாண்டிவிடுவேன். இரண்டாவது பக்கம் முழுக்க 'எக்கோஸ்' என்ற ஒரே பாட்டு, 23 நிமிடத்துக்கு மேல். அந்தப் பக்கத்துக்குத்தான் மூன்றாவது இடம்.

'எக்கோஸ்' எப்படித் தொடங்குகிறது என்றால், ஆழ்கடலில் ஒரு சொட்டு விழுந்தது போல ஒரே ஒரு சத்தம். திரும்ப ஒன்று. அவ்வளவுதான். ரைட் பியானோவில் ஒரு ஸ்வரத்தைத் தட்டி, அதைச் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக விட்டபோது கிடைத்த சத்தம். அப்போது கையில் முழுப்பாட்டு எதுவும் கிடையாது. துண்டு துண்டாக ஏதேதோ வாசித்து வைத்து, அந்தத் துண்டுகளுக்கு 'நத்திங்' என்று பேர் வைத்து நம்பர் போட்டிருந்தார்கள். 'ஒன்றுமில்லை 1', 'ஒன்றுமில்லை 2' என்று! அந்த ஒன்றுமில்லைகளை ஒட்ட வைத்தது இந்த ஒரு சொட்டு. பாடும்போதும் கில்மோரின் குரலும் ரைட்டின் குரலும் ஒன்றோடு ஒன்று இழைந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் வரும். கூட்டாண்மை என்றால் இதுதான்.

இரண்டாவது இடம் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்', 1973. இதற்கு இரண்டாவது கொடுத்ததற்கும் எனக்கு அடி விழும் என்று தெரியும். 1988 வரை அமெரிக்காவின் பில்போர்ட் 200 பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்தது. ஆனால் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். எனக்கு இந்தப் புள்ளிவிவரம் ரொம்பப் பிடிக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் விழுந்து விழுந்து படித்து ஒரு தடவை முதல் மார்க் வாங்கும் பையனைப் போல் இல்லாமல், தினமும் வகுப்புக்கு வரும் பையன் மாதிரி.

ரைட் இங்கே எங்கும் நிறைந்திருக்கிறார். 'அஸ் அண்ட் தெம்' பாட்டின் அடிப்படை, அன்டோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயின்ட்' படத்துக்காக அவர் போட்ட பியானோ மெட்டு. இயக்குநர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். மூன்று வருடம் கழித்து அது இங்கே வந்து உட்கார்ந்தது. 'ப்ரீத்' பாட்டில் வரும் ஒரு கார்டு, மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேட்டதிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை' அவருடைய மெட்டு. சாவைப் பற்றிய பாட்டு, ஆனால் வரிகளே கிடையாது. கிளேர் டாரி என்ற பாடகியைக் கூப்பிட்டு, வார்த்தை இல்லாமல் பாடச் சொன்னார்கள். அவர் பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. 2004-இல் அவர் வழக்குப் போட, மறு வருடம் சமரசமாகி, இப்போது எழுதியவர் பெயரில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. பேராசையைக் கிண்டல் செய்யும் 'மனி' பாட்டுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிற பாட்டுக்கு இந்தக் கதி என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

பிறகு ஏன் இரண்டாவது? குறை என்று ஒன்றுமில்லை, அதுதான் குறை. இழைத்து இழைத்து மெருகேற்றிய ஆல்பம். ரெக்கார்டிங்குக்கு முன்பே 1972 முழுக்க மேடைகளில் வாசித்துப் பழகியது. எல்லா ஆணியும் சரியாக அறையப்பட்டிருக்கிறது. காலம், பணம், பைத்தியம், சாவு என்று மனுஷனுக்கு வரும் எல்லாக் கவலையும் வரிசையாக வருகிறது. ஆனால் அது எல்லோருடைய கவலை. யாரோ ஒருவருடைய கவலை என்று ஒன்று இருக்கிறதே, அது அடுத்ததில்தான் வருகிறது.

அதற்கு முன்னால் விட்டுப்போனவற்றை ஒரே மூச்சில். பசு மாட்டு அட்டை போட்ட 'ஆட்டம் ஹார்ட் மதர்' (1970), அவர்களுக்கே பிற்பாடு பிடிக்கவில்லை, நான் எதற்கு வக்காலத்து வாங்க? 'தி ஃபைனல் கட்' (1983), ரைட்டே இல்லை, வாட்டர்ஸின் தனி ஆல்பம், விடுங்கள். 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' (1987), வாட்டர்ஸ் போய், ரைட் திரும்பவும் சம்பளத்துக்கு வந்தது. 'தி டிவிஷன் பெல்' (1994), இதில் ரைட்டுக்கு மரியாதை திரும்பக் கிடைத்தது, 'டார்க் சைட்'டுக்குப் பிறகு முதல் முறையாக ஒரு பாட்டை முன்னால் நின்று பாடினார். ஏழாவது இடம் என்று ஒன்று இருந்தால் அதற்குத்தான்.

முதலிடம். 'விஷ் யூ வேர் ஹியர்', 1975.

அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் பேண்டு, ஒயின் கோப்பை என்று வீட்டுச் சாமான்களை வைத்தே ஒரு ஆல்பம் செய்யலாம் என்று வாரக்கணக்கில் முயன்று கைவிட்டார்கள். அதில் மிஞ்சிய கோப்பைச் சத்தம் மட்டும் இந்த ஆல்பத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. பிறகு கில்மோர் கிடாரில் தற்செயலாக நாலு ஸ்வரம் வாசிக்க, அந்தச் சோகம் வாட்டர்ஸுக்குப் பாரெட்டை ஞாபகப்படுத்தியது. ஏழு வருடம் முன்பு தாங்களே கழற்றிவிட்ட நண்பன். 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டைமண்ட்' அவருக்காக எழுதியது. ஒன்பது பாகம், ஆல்பத்தின் இரண்டு முனையிலும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

1975 ஜூன் 5. அபே ரோடில் இந்தப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மொட்டைத் தலையோடு, புருவத்தையும் மழித்துக்கொண்டு, பருத்த ஒரு ஆள் உள்ளே வந்து நிற்கிறார். யாரோ ஸ்டூடியோ ஊழியர் என்று நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது பாரெட். அவருக்காக எழுதிய பாட்டை வைத்துக்கொண்டு அவரையே அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இதை ஒரு சினிமாவில் வைத்தால் ரொம்ப ஓவர் என்று சொல்லியிருப்போம்.

கூட்டாளி விலகினால் நற்பெயரில் அவர் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. இவர்கள் பாரெட்டுக்குக் கொடுத்தது இந்த ஆல்பம். இசை வியாபாரத்தைத் திட்டும் இரண்டு பாட்டு நடுவில் இருக்கிறது, தலைப்புப் பாட்டு இருக்கிறது, எல்லாம் நல்ல பாட்டு. ஆனால் எனக்கு இந்த ஆல்பம் என்றால் கடைசி மூன்று நிமிடம். ஒன்பதாம் பாகம். எழுதியவர் என்று ஒரே பெயர்தான் இருக்கிறது, ரிச்சர்ட் ரைட். வாட்டர்ஸின் வரிகள் முடிந்துவிட்டன. கில்மோரின் கிடார் அடங்கிவிட்டது. ரைட் மட்டும் சவ ஊர்வலத்துக்குப் பின்னால் தனியாக நடந்து வருகிறவர் மாதிரி வாசித்துக்கொண்டே வருகிறார். இசை தேய்ந்து மறையப் போகும் கடைசி நொடிகளில், வேறு ஒரு மெட்டின் துண்டைத் தொட்டுவிட்டுப் போகிறார். 'சீ எமிலி ப்ளே'. 1967-இல் பாரெட் எழுதி, குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு. காது கொடுத்துக் கேட்காவிட்டால் தெரியவே தெரியாது. நான் ஏழெட்டு முறை கேட்டும் கவனிக்கவில்லை, பைப்பரையும் அந்தக் காலத்து சிங்கிள்களையும் கேட்ட பிறகுதான் பிடிபட்டது.

இந்த ஆல்பம்தான் தனக்கு மிகவும் பிடித்தது என்று ரைட்டும் சொல்லியிருக்கிறார், கில்மோரும் சொல்லியிருக்கிறார். நாலு வருடம் கழித்து, ரைட்டையும் பாரெட் போன வழியே அனுப்பினார்கள். பிறகு 2005 ஜூலை 2-ஆம் தேதி, ஹைட் பார்க்கில் லைவ் 8 மேடையில் வாட்டர்ஸ், கில்மோர், மேசன், ரைட் நால்வரும் 24 வருடத்துக்குப் பிறகு ஒன்றாக நின்றார்கள். அடுத்த வருடம் பாரெட் இறந்தார். 2008 செப்டம்பரில் ரைட். 2014-இல் 'தி எண்ட்லெஸ் ரிவர்' வந்தபோது, அது தொண்ணூறுகளில் ரைட் வாசித்து வைத்திருந்த ஒலிநாடாக்களிலிருந்து எடுத்துச் செய்ததாக இருந்தது. 2024-இல் ரெக்கார்டிங் உரிமைகளையும் குழுவின் பெயரையும் சோனிக்குக் கிட்டத்தட்ட 40 கோடி டாலருக்கு விற்றதாகச் செய்தி. அதில் நற்பெயருக்கு எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அறைத்தோழன் காதில் என் ஹெட்போனை மாட்டி ஒன்பதாம் பாகத்தை ஓடவிட்டேன். 'எமிலி' வருகிற இடத்தில் தோளைத் தட்டினேன். திரும்பப் போடு என்றான். போட்டேன். இன்னொரு தரம் என்றான். மூன்றாவது தடவை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா தி வால்தான்டா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.